பங்காளிக்குத் தெரியாமல் ஒரு யோசனை: இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டுப் பார்த்த அனுபவம்

செட்டிநாட்டில் ஒருவரிடம் யோசனை கேட்பது சுலபமில்லை. காலையில் கோயில் வாசலில் சொன்னது மத்தியானத்துக்குள் தேவகோட்டைக்குப் போய்விடும். சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து போன் வரும்: "என்னப்பா, வீட்டை விக்கப் போறியளாமே?" கேட்பவர் கெட்டவர் இல்லை. ஆனால் இங்கே எல்லாரும் உறவு, இல்லையென்றால் பங்காளி. நம் விஷயத்தில் அவர்களுக்கும் ஏதோ ஒரு பங்கு இருக்கும். அதனால் அவர்கள் சொல்லும் யோசனையில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் கலந்துதான் வரும்.

இதனால்தான் சில வருஷங்களாக வீட்டு விஷயம், ஊர் விஷயம், அரசியல் என்று எதுவானாலும் ரெட்டிட், கோரா, டெலிகிராம் குழுக்கள் ஆகியவற்றில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டு வருகிறேன். தமிழிலும் கேட்பேன், ஆங்கிலத்திலும் கேட்பேன். இதனால் எனக்கு நிஜமான நன்மை கிடைத்திருக்கிறது. ஆனால் அது கிடைப்பதும் கிடைக்காததும் நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பூர்வீக வீடு காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த பணத்தில் அய்யாவின் அப்பச்சி கட்டியது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்த பிறகு அந்த வருமானம் போய்விட்டது, வீடு மட்டும் மிஞ்சியது. இன்றைக்குப் பங்குகள் பெருகிவிட்டன. சாவி ஒருவரிடம், வரி ரசீது இன்னொருவரிடம். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்றால் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் போன் போட்டுச் சம்மதம் வாங்க வேண்டும்.

"இப்படிப்பட்ட வீட்டை விற்கலாமா?" என்று முதலில் கேட்டேன். பதில்கள் குவிந்தன. ஒரு பாதிப்பேர், விற்காதீர்கள், அது பாரம்பரியம் என்றார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்ததை எடுத்துச் சொன்னார்கள். மற்றவர்கள், விற்று மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள் என்றார்கள். இரண்டு தரப்பிலும் நல்ல எண்ணம் இருந்தது. ஆனால் ஒரு வளவை, அதாவது இப்படி முற்றம் வைத்த வீட்டை, கூட்டிப் பெருக்கியவர் என்று சொல்ல அதில் யாரும் இல்லை.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "பல பங்குதாரர் உள்ள பழைய வீட்டைப் பராமரித்தவர்கள் செலவை எப்படிப் பிரித்தீர்கள்? சண்டை எங்கே வந்தது?" இந்த முறை பதில்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் படித்து முடித்ததும் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றியது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு தறவாட்டை, அதாவது கேரளக் கூட்டுக் குடும்ப வீட்டை, சேர்ந்தவர் எழுதினார்: அவர்கள் வீட்டில் கூரைச் செலவுக்குச் சண்டை வந்ததில்லை, சாவிக்குத்தான் வந்தது. யார் எப்போது வந்தார், எதைத் திறந்தார், எது உடைந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாததுதான் சந்தேகத்துக்கு வேர். அதனால் அடுப்படியில் ஒரு நோட்டு வைத்தார்களாம். வருகிறவர் தேதி போட்டு, பார்த்ததை எழுதிவிட்டுப் போக வேண்டும். அதை நாங்களும் செய்தோம். இரண்டாங்கட்டில் (இரண்டாவது முற்றத்துப் பகுதியில்) ஒரு நீள நோட்டு இருக்கிறது. "மேல்பத்தி ஓடு மூன்று நழுவியிருக்கு, வேலங்குடி ஆளிடம் சொல்லியாச்சு" என்பது போன்ற வரிகள் அதில் நிறைய. ஒருவரையொருவர் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகள் அதோடு நின்றுவிட்டன. ஓட்டு வேலைச் செலவையும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று பிரித்துவிட்டோம்.

பழைய மரம் வாங்கி விற்கும் ஒருவர் சொன்னதும் மறக்க முடியாதது. எங்களில் ஒருவர் தன் பங்கில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களை மட்டும் கழற்றி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை பேசலாம் என்றிருந்தார். மர வியாபாரி விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "தூண் உங்கள் பங்கில் நிற்கலாம், அது தாங்குகிற உத்தரம் அடுத்தவர் பங்குக்கும் போகிறது. எடுக்கும் முன்னால் மேலே அண்ணாந்து பாருங்கள்" என்றார். போய்ப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. தூண்கள் இன்னும் நிற்கின்றன.

சட்டம் என்று வந்தால் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறேன். வீட்டில் அத்தைமார்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டபோது, நிறையப் பேர் ஆமோதித்து மேலே நின்ற பதில், "1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது" என்றது. அது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த பழைய திருத்தம். 2005-ல் மத்திய சட்டமே திருத்தப்பட்டு, மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை வந்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை ஆகியிருந்தால் அதைக் கலைக்க முடியாது. இவ்வளவையும் சுருக்கமாகச் சொன்ன பதில் அடியில், யாரும் சீண்டாமல் கிடந்தது. அதை வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொண்டோம். அடியில் கிடந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தால், அத்தைமார்களுக்குச் சேர வேண்டியதை இல்லை என்று சொல்லியிருப்போம். அதை நினைத்தால் இன்றும் மனது பதறுகிறது.

மேலே நிற்கிற பதில் ஏன் மேலே நிற்கிறது என்பதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில், எதையும் பார்க்காமல் சில கருத்துகளுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே ஓர் ஆதரவு ஓட்டைப் போட்டு வைத்தார்கள். அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. முதல் ஓட்டைப் பார்த்துத்தான் அடுத்தவர் கை போகிறது. அதனால் நான் எப்போதும் கடைசிப் பதிலிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன்.

அரசியலுக்கு வருகிறேன். எங்கள் சிவகங்கைத் தொகுதியில் 2009 நாடாளுமன்றத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 3,354 ஓட்டு. இப்படிப்பட்ட இடத்தில் டீக்கடையில் ஒரு சந்தேகத்தைக் கேட்டால்கூட, இவன் அந்தக் கட்சி என்று முத்திரை விழுந்துவிடும். ஆகவே இதற்கும் தெரியாதவர்கள்தான் வசதி. ஆனால் "யாருக்கு ஓட்டுப் போடலாம்?" என்று கேட்டால் ஒரு பயனும் இல்லை. கட்சிக்காரர்கள் வந்து இறங்கி, பத்தாவது பதிலில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுப்பார்கள். அதைப் படித்த ராத்திரி தூக்கம்கூடச் சரியாக வராது.

2024-ல் கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் போன்ற ஊர்களைச் சேர்த்துக் காரைக்குடியை மாநகராட்சி ஆக்கும் அறிவிப்பு வந்தபோது, ஊரே இரண்டு பட்டது. சொத்து மதிப்பு ஏறும் என்றது ஒரு பக்கம். நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும்தான், அது போய்விடுமே என்றது இன்னொரு பக்கம். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அப்போது அந்த நூறு நாள் பெரிய விஷயமாக இருந்தது. நான் இணையத்தில் கேட்டது இதுதான்: "கிராம ஊராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்க்காரர்களே, முதல் சில வருஷங்களில் உங்கள் தெருவில் என்ன மாறியது?" 2011-ல் மதுரை மாநகராட்சி 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த பகுதியிலிருந்து ஒருவர் எழுதினார். தெருவிளக்கும் குப்பை வண்டியும் சீக்கிரம் வந்தன, பாதாளச் சாக்கடைக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தோம், வரி மட்டும் காத்திருக்கவில்லை என்றார். அவர் எந்தக் கட்சி என்று அந்தப் பதிலில் தெரியவே இல்லை. அரசியலைப் பற்றி நான் இணையத்தில் படித்ததிலேயே நேர்மையான பத்தி அதுதான் என்பேன். அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். "வேலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே அண்ணே" என்றார். நியாயம்தான். அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. பதில் சொன்னவர்களில் நூறு நாள் வேலை பார்த்தவர் ஒருவரும் இல்லை. போனும் நேரமும் உள்ளவர்கள்தான் அங்கே பதில் எழுதுகிறார்கள். அக்காவைப் போன்றவர்களின் குரல் அங்கே ஏறுவதே இல்லை. இந்த முறையின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

கல்யாணத்தில் சாமான் பரப்புவதா (பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப் பொருள்களை எல்லாரும் பார்க்க அடுக்கி வைப்பதா) வேண்டாமா என்பது போன்ற கேள்விகளை இப்போது அங்கே கொண்டுபோவதில்லை. நம் முறை தெரியாதவர்கள், "வரதட்சணை வாங்குகிறவர்களா நீங்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது ஆச்சிமார்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. உடம்பு சம்பந்தமானதற்கு டாக்டரைத் தவிர வேறு யாரையும் கேட்பதில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இருந்துவிடாதீர்கள். தெரிந்த ஒருவர், எத்தனை பங்கு, முகப்பில் என்ன சிற்பம், பின்வாசல் எந்தப் பக்கத்து ஊருணியைப் பார்க்கிறது என்று விவரமாக எழுதிக் கேட்டார். "இது எங்க பெரியப்பச்சி வீடாச்சே" என்று ஒருவர் கீழே வந்துவிட்டார். செட்டிநாட்டில் வீட்டை வர்ணித்தாலே விலாசம் சொன்ன மாதிரிதான். பங்கு எண்ணிக்கையை மாற்றுங்கள், ஊரை "தென் மாவட்டம்" என்று நிறுத்துங்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் படத்தைப் போடாதீர்கள்.

கேட்டுவிட்டு மறைந்துவிடவும் வேண்டாம். என்ன முடிவு எடுத்தோம், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று சில மாதம் கழித்து அதே இடத்தில் போய் எழுதுங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. நோட்டு விஷயத்தையும் கூரை ஓடு மாற்றிய செலவைப் பிரித்த கணக்கையும் நான் எழுதியபோது, பாலக்காட்டுக்காரர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், பெயர்களை மட்டும் அடித்துவிட்டு. பங்கை விற்பதானால் முதலில் பங்காளிகளிடம்தான் கேட்க வேண்டும் என்பது அதில் மூன்றாவது வரி. வக்கீல் அதைத் தமிழில் எழுதித் தந்திருக்கிறார், கோலாலம்பூர்க் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.