போனுக்கு விருந்து, கண்ணுக்கு அரை வயிறு

கோயம்புத்தூரில் ஒரு மாலின் மேல்மாடியில், கண்ணை ஏமாற்றும் படங்களும் பொருட்களும் வைத்திருக்கும் இந்தக் கூடத்தில் ஆளுக்கு 300 ரூபாய் வாங்குகிறார்கள். உருப்படியாக மூன்று சமாச்சாரம் இருக்கிறது, மீதியெல்லாம் போட்டோவுக்கு. பிள்ளைகள் குதிக்கும், அதில் சந்தேகமில்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சுவரையும் தரையையும் சேர்த்து வரைந்த 3டி படங்கள்தான் பாதிக்கு மேல். சுறா வாய்க்குள் தலையை விடுவது, அருவி விளிம்பில் தொங்குவது, அந்த ரகம். போனில் அசத்துகின்றன, நேரில் இழுத்துவிட்ட பெயிண்ட்டாகத்தான் தெரிகின்றன. ஒரே ஒரு புள்ளியிலிருந்து பார்ப்பதற்கென்று கணக்குப் போட்டு வரைந்த படங்கள் இவை. கேமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் ஆடாமல் நிற்கிறது. நமக்கோ இரண்டு கண், இரண்டிலும் கொஞ்சம் வித்தியாசமான காட்சி, போதாததற்குத் தலையையும் ஆட்டிக்கொண்டே இருப்போம், சுவர் தட்டைதான் என்று மூளை உடனே கண்டுபிடித்துவிடும். தரையில் ஒட்டியிருக்கும் குறியில் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், ஓரளவு எடுபடும். இதை அங்கே யாரும் சொல்வதில்லை. "எடுத்தாச்சுன்னா நகருங்ணா" என்பதுதான் கிடைக்கிற ஒரே விளக்கம்.

சரி, நல்லதுக்கு வருவோம். ஓரமாக ஒரு முகமூடியை உள்பக்கம் நம்மைப் பார்க்கும்படி மாட்டியிருக்கிறார்கள், அதாவது மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் குழி. நாலு எட்டு தள்ளி நின்றால் அந்தக் குழி மூக்காகப் புடைத்து நிற்கிறது, நாம் நடந்தால் முகமும் கூடவே திரும்புகிறது. விரலை விட்டுத் தடவி, குழிதான் என்று உறுதி செய்துகொண்டு பின்னால் வந்தாலும் மறுபடி புடைத்துக்கொள்கிறது! பிறந்ததிலிருந்து பார்த்த முகமெல்லாம் வெளியே புடைத்தவைதானே, அதனால் மூளை கண்ணின் சாட்சியைத் தள்ளிவிட்டுத் தன் பழக்கத்தை நம்புகிறது. பார்ப்பதே ஒருவித ஊகம் என்று வாதாடிய பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி இந்தக் குழிமுகத்தைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.

அடுத்தது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆடல்சன் 1995இல் உருவாக்கிய கட்டம் போட்ட பலகைப் படம். பலகை மேல் நிற்கும் உருளையின் நிழலுக்குள் வெளுப்பாகத் தெரியும் கட்டமும், வெளியே கறுப்பாகத் தெரியும் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். சோதித்துப் பார்க்க இரண்டு ஓட்டை போட்ட அட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் அட்டையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அட்டையில ஏதாச்சும் பண்ணி வெச்சிருக்கீங்களா?" என்று சண்டைக்கே போய்விட்டார். வேப்பமர நிழலில் நிற்பவர் வேட்டி நமக்கு வெள்ளையாகத்தானே தெரிகிறது? நிழலைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

மூன்றாவது ஏம்ஸ் அறை. கோணலான அறைக்குள் ஒருவர் குள்ளமாகவும் இன்னொருவர் ராட்சசனாகவும் தெரிவார்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்கத் துளை வைத்திருக்கிறார்கள், அதற்கே ஒரு சபாஷ்.

ஆனால் எதையும் நின்று பார்க்க விடுவதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஜனங்கள் ஓர் ஓவியத்தின் முன் சராசரியாக 27 நொடி நிற்கிறார்கள் என்று 2001இல் ஓர் ஆய்வு வெளியானது, இங்கே ஞாயிற்றுக்கிழமை அதுகூடக் கிடைக்காது. கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி, கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரல் நகம் அளவுதான். அதைத் தாவித் தாவி வைத்துத்தான் ஒரு படத்தையே சேர்க்கிறோம். அவசரப்படுத்தினால் என்னத்தைச் சேர்ப்பது?

அந்த 300 ரூபாய் உறுத்தினால் பேரூருக்கு பஸ் ஏறுங்கள். பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்களில் யானைத்தோல் உரிக்கும் சிவன் இருக்கிறார். மாலில் படத்தைக் கெடுத்த அதே தலையாட்டல்தான் இங்கே வேலை செய்கிறது, ஒரு அடி நகர்ந்தாலே ஒரு கை முன்னே வரும், இன்னொன்று நிழலுக்குள் போகும்.

மாலுக்கே போவதென்றால் வார நாளில் காலையிலேயே போங்கள், குழிமுகத்தை முதலில் பாருங்கள். பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஐந்துக்கு மூன்று ஸ்டார்.