ஈஆர்20எக்ஸ்எஸ் இயர்பிளக்: நுண்ணுணர்வு மிகுந்தவர்களுக்குப் பொருந்துமா?

நாற்காலி இழுபடுவது, கரண்டி தட்டில் மோதுவது, பின்மேசைப் பேச்சு என எல்லாமே ஒரே அழுத்தத்தில் உள்ளே வந்து, எதையும் ஒதுக்க முடியாமல் மாலைக்குள் சோர்ந்துபோவது நுண்ணுணர்வு மிகுந்தவர்களின் அன்றாடம். உளவியலாளர் எலைன் ஆரோன் இந்தச் சுபாவத்தை ஆராய்ந்து, ஆர்தர் ஆரோனுடன் சேர்ந்து 1997இல் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். இது நோயல்ல, குணப்படுத்த வேண்டியதும் அல்ல. காதுக்கு வரும் சுமையைக் குறைத்துக்கொண்டால் அதே நுண்ணுணர்வோடு நிம்மதியாக இருக்கலாம். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்20எக்ஸ்எஸ் என்ற இந்தச் சிறிய காதடைப்பானை (இயர்பிளக்) அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

காதடைப்பான் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று அட்டையில் குறிப்பதே என்ஆர்ஆர் எண். பஞ்சுபோல் அமுங்கும் சாதாரண ஃபோம் பிளக்குக்கு அது 30ஐ ஒட்டி இருக்கும். தூங்கவும் இயந்திர இரைச்சலுக்கும் ஃபோம் பிளக்கே சிறந்தது. ஆனால் அது உயர் சுருதிகளை அதிகமாக விழுங்குவதால் பேச்சு மழுங்கிவிடும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் உழைப்பே புதிய களைப்பாகும். சத்தம் நீக்கும் ஹெட்போனோ விமான இரைச்சல் போன்ற சீரான தாழ் ஒலியைத்தான் நன்றாக அடக்கும். திடீரென மோதும் பாத்திரத்தையும் குழந்தையின் அலறலையும் அந்த மின்னணுச் சுற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. நம்மை அதிகம் தாக்குபவை அவைதான்.

ஈஆர்20எக்ஸ்எஸ் உள்ளே இருக்கும் வடிகட்டி எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ சமமாக, 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கிறது. பேச்சு தெளிவாகவே இருக்கும். உரக்க மட்டும் இருக்காது. அட்டையில் என்ஆர்ஆர் 13 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் பொருத்தம் மாறுவதால் கழிவு போட்டுக் கணக்கிட்ட எண் அது.

பயனில்லை என்று ஒதுக்குபவர்களில் பலர் அதைச் சரியாகச் செருகியிருக்க மாட்டார்கள். முனையைத் தண்ணீரில் லேசாக நனையுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, மெதுவாகச் சுழற்றியபடி உள்ளே தள்ளுங்கள். பிறகு இரு கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். வெளிச்சத்தம் சட்டென்று குறைந்தால் அடைப்பு சரியில்லை என்று பொருள். உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கினால் பெரும்பாலும் ஆழம் போதவில்லை. கழற்றும்போது முறுக்கி, காற்று நுழைய விட்டு எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

மூன்று விளிம்பு முனைதான் இதன் பலவீனம். தொடுவுணர்வும் கூர்மையாக உள்ளவர்களுக்கு அது அரிக்கும், அழுத்தும். அதனால் வெவ்வேறு அளவு முனைகளோடு ஃபோம் முனையும் சேர்ந்து வரும் தொகுப்பையே வாங்குங்கள். முதலில் வீட்டில் 20 நிமிடம் போட்டுப் பழகிவிட்டு வெளியே கொண்டுபோங்கள். சிலிக்கான் முனையைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் மென்சோப்பிலும் கழுவலாம். வடிகட்டி இருக்கும் தண்டுக்குள் நீர் போகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்டால் காதுக்குரும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் முழுக்கப் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் ஏறக்குறைய இடைவிடாமல் காதை அடைத்திருந்தவர்களுக்கு ஒலிகள் முன்பைவிட உரக்கத் தோன்றின. ஒலி வரத்து குறைந்தால் மூளை தன் உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது. கூட்டமான உணவகம், விழா, பயணம் ஆகியவற்றுக்குப் போடுங்கள். அமைதியான அறைக்குத் திரும்பியதும் கழற்றிவிடுங்கள். துளையிடும் கருவி போன்ற பேரிரைச்சலுக்கு இது போதாது, ஃபோம்தான் வேண்டும். காதில் சீழ் அல்லது செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். சாதாரண ஒலியே வலி தருகிறதென்றால் அது நுண்ணுணர்வைத் தாண்டிய விஷயம். காது மருத்துவரிடம் போங்கள்.

மொத்தத்தில், ஒரே ஒரு இயர்பிளக் வாங்கும் எண்ணம் இருந்தால் தயங்காமல் இதை வாங்கலாம். உடன் இருப்பவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இதைப் போட்டிருந்தாலும் நீங்க பேசுறது கேக்கும். உங்களோட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கத்தான் போட்டிருக்கேன்."