ஹார்ட்மனா சேலைனா: ஈடியூல நிக்கிற ஆளிண்ட ரிவியூ

கொழும்பில ஒரு ஈடியூல (அவசர சிகிச்சைப் பிரிவில) வேலை, அங்க தொங்குற ட்ரிப் போத்தல் எல்லாத்தையும் பாவிச்ச அளவில சொல்றன். பிரஷர் இறங்கி வாற ஆளுக்கு எண்ட கை முதல்ல போறது ஹார்ட்மனுக்குத்தான் (உப்புகளோட லாக்டேட்டும் சேர்ந்த ட்ரிப்), 5க்கு 4 ஸ்டார்.

நோர்மல் சேலைனுக்கு (வெறும் உப்புத் தண்ணி) 3. லீட்டருக்கு சோடியம் 154 மில்லிமோல், குளோரைட் 154, எங்கட ரத்தத்தில குளோரைட் 100ஐ ஒட்டித்தானே, ரெண்டு மூண்டு லீட்டர் போனா பிளட் காஸ் டெஸ்ட்ல ரத்தத்தில அசிட் ஏறி நிக்கும், அதைப் பாத்திட்டு ஷொக் (பிரஷர் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் காணாமப் போறது) இன்னும் குறையேல்ல எண்டு இன்னொரு போத்தல் கொழுவுவினம், அதுதான் எனக்குக் கடுப்பு. ஹார்ட்மன்ல குளோரைட் 111தான், லாக்டேட் 29 இருக்கு, அது ஈரல்ல பைகார்பனேட்டா மாறிடும்.

கிட்னி பேஷன்ட்டுக்கு ஹார்ட்மன் வேணாம், பொட்டாசியம் இருக்கு எண்டு வார்ட்ல ஒரே பல்லவி. லீட்டருக்கு வெறும் 5! சேலைனால வாற அசிட்தான் செல்லுக்குள்ள இருக்கிற பொட்டாசியத்தை வெளிய தள்ளும். அதுக்காக சேலைன் விஷம் எண்டு சொல்ல வரேல்ல, 2018ல வந்த ஸ்மார்ட் எண்ட ட்ரயல்ல (நோயாளிகளில செய்த ஆய்வு) ஹார்ட்மன் மாதிரியானது ஏத்தின ஆக்களுக்கு கிட்னி பிரச்சினை கொஞ்சம் குறைவு, ஆனா 2022ல வந்த பிளஸ் ட்ரயல்ல இறப்பில பெரிய வித்தியாசம் காட்டேல்ல. மண்டையில அடிபட்டு வந்தா, சத்தி எடுத்தே காய்ஞ்சு வந்தா நானும் சேலைன்தான். ரத்தம் ஏத்துற லைன்லயும் அதுதான், ஹார்ட்மன்ல கல்சியம் இருக்கிறதால ரத்தம் உறைஞ்சு போகலாம், செஃப்ட்ரையக்சோன் எண்ட அன்டிபயோட்டிக்கோடயும் கலக்கக்கூடாது.

5% டெக்ஸ்ட்ரோஸ் ஷொக்குக்கு பூச்சியம். சீனி எரிஞ்சு முடிய மிச்சம் வெறும் தண்ணி, ரத்தக் குழாய்க்குள்ள நிக்கவே நிக்காது. ஸ்டார்ச் கலந்த ட்ரிப்பும் வேணாம், 2012ல வந்த 6எஸ் ட்ரயல்ல செப்சிஸ்காரருக்கு (கிருமித் தொற்றால உறுப்புகள் பாதிக்கப்பட்ட ஆக்கள்) இறப்பும் டயலிசிசும் கூடிச்சு.

டெங்கு வேற கதை. ரத்தக் குழாயால தண்ணி வெளிய லீக் ஆகிற நேரம் சேலைனோ ஹார்ட்மனோ போட்டும் பிசிவி (ரத்தத்தில சிவப்பணு எத்தனை வீதம் எண்டது) ஏறிக்கொண்டே போனா டெக்ஸ்ட்ரான் 40 (ரத்தக் குழாய்க்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ட்ரிப்) நல்லா வேலை செய்யும், ஆனா குரொஸ் மெட்ச்சுக்கு (ஏத்துற ரத்தம் பொருந்துதா எண்டு பாக்கிற டெஸ்ட்) ரத்தத்தை முதலே எடுத்து வைக்கோணும், பிறகு எடுத்தா குழப்பும். யூரின் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லி வந்தா காணும், அதுக்கு மேல ஊத்த வேணாம். லீக் 24-48 மணித்தியாலம்தான், முடிஞ்சா வெளிய போன தண்ணி எல்லாம் திரும்ப ரத்தக் குழாய்க்குள்ள வரும், அந்த நேரமும் ட்ரிப் ஓடினா நுரையீரல் நிரம்பி மூச்சு வாங்கும். அப்பதான் சொந்தக்காரர் வந்து "டொக்டர், ஆள் களைச்சுப் போச்சு, இன்னொரு சேலைன் ஏத்திவிடுங்கோவன்" எண்டு கேப்பினம், ஒரு போத்தலும் குடுக்கமாட்டன்.