கியூப் (1997): ஒரே செட்டில் 17,576 அறைகள்

வின்சென்சோ நட்டாலியின் முதல் முழுநீளப் படம், 90 நிமிடம். முன்பின் தெரியாத சிலர் கனசதுர அறைகளுக்குள் கண் விழிக்கிறார்கள். அறையின் ஆறு பக்கமும் கதவு. சில அறைகளில் ஆளைக் கொல்லும் பொறி.

இத்தனை அறைகளும் டொராண்டோவில் போட்ட, பக்கத்துக்கு 14 அடியுள்ள ஒரே செட்தான். கதவு வழியே எட்டிப் பார்க்கும் ஷாட்டுகளுக்காக இன்னொரு அறையில் பாதி. நிறம் மாற்றச் சுவர்ப் பலகைகளைக் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும் என்பதால், கதை வரிசையை விட்டுவிட்டு ஒரு நிற அறைக் காட்சிகளை மொத்தமாக எடுத்து முடித்த பிறகே அடுத்த நிறம். ஆள் எடையைத் தாங்கும் கதவும் ஒன்றே ஒன்று. இந்தப் பற்றாக்குறைதான் படத்தின் பலம். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறை. முன்னேறுகிறார்களா, சுற்றிச் சுற்றி வருகிறார்களா என்பது நமக்கும் பிடிபடாது.

பொறியைச் சோதிக்க முதலில் பூட்ஸை லேஸில் கட்டி உள்ளே வீசுகிறார்கள். அசைவை உணரும் பொறிக்கு அது சரி, மற்றவற்றிடம் பலிக்காது. அடுத்து, வாசலில் பொறித்த மூவிலக்க எண்கள்; அவற்றில் பகா எண் இருந்தால் உள்ளே பொறி என்று கணிக்கிறார்கள். மொத்தம் எத்தனை அறைகள் என்பதற்கும் கணக்கு உண்டு: கதைப்படி எல்லா அறைகளையும் மூடியிருக்கும் வெளிக்கூடு பக்கத்துக்கு 434 அடி, அறை 15.5 அடி, வகுத்தால் 28. கூட்டுக்கும் அறைகளுக்கும் நடுவே இருபுறமும் ஓர் அறை அளவு இடைவெளி போக, 26×26×26. இந்தக் கணக்கு கச்சிதம்.

சறுக்குவது பின்னால்தான் (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). பகா எண்ணின் அடுக்குகளும் ஆபத்து என்று தெரிந்ததும், மனித மூளையால் ஆகாத கணக்கு என்று கணித மாணவி கைவிரிக்கிறாள். பகா எண்களை அதுவரை மனக்கணக்காகவே கண்டுபிடித்து வந்தவள் அவள். 100 முதல் 999 வரை புதிதாகச் சேர்வது 121, 125, 128 எனத் தொடங்கி 961 வரை வெறும் 15 எண்கள். மனப்பாடமே செய்யலாம்! ஆட்டிசம் உள்ள பாத்திரத்தை மனிதக் கால்குலேட்டராக்கத் திரைக்கதைக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உச்சம், ஒலி கேட்டால் கொல்லும் அறை. வசனத்துக்கே இடமில்லாததால் படம் அங்கே தன் பெரிய பலவீனத்திலிருந்து தப்பிக்கிறது. மற்ற இடங்களில் எல்லாரும் கத்துகிறார்கள்; போலீஸ்காரர் வில்லனாக மாறுவதும் அவசரம்.

ஹெட்போனில் பாருங்கள். அவ்வப்போது தூரத்தில் கேட்கும் உறுமல் சும்மா போட்ட பின்னணிச் சத்தம் இல்லை. ரத்தம் ஆகாதவர்கள் முதல் காட்சியிலேயே உஷாராக இருக்க வேண்டும். 2004இல் வந்த 'கியூப் ஜீரோ'வை இதன் கையோடு பார்க்க வேண்டாம். இந்தப் படம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதை எல்லாம் அது விளக்கப் பார்க்கிறது.