மூட்டுகளை எண்ணிப் பார்க்கும் கிளினிக்: பதினாறு மாத அனுபவம்

வன்னியிலுள்ள ஓர் அரசாங்க வைத்தியசாலையின் வாதநோய்க் கிளினிக்குக்கு அம்மாவைப் பதினாறு மாதங்களாகக் கூட்டிச் சென்று வருகிறேன். அவருக்கு முடக்குவாதம், மூட்டுகளை வீங்கவைத்து எலும்பை அரிக்கும் நோய். அந்தச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் வைத்தியசாலையின் பெயரைக் குறிப்பிடவில்லை. எங்கள் வீடு பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து விசுவமடுப் பக்கமாக உள்ளே இருக்கிறது. கிளினிக் நாளில் விடிய ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால்தான் முதல் ஐம்பது இலக்கங்களுக்குள் ஒரு துண்டு கிடைக்கும்.

இந்தக் கிளினிக்குக்கு வருவதற்கு முன் இரண்டு வருடங்களாக அம்மா ஒரு தனியார் மருந்தகத்திலேயே மருந்து எடுத்தார். வயலில் களை பிடுங்கியும் நாற்று நட்டும் பழகிய கைகளில் முதலில் விரல் மொழிகள் வீங்கின, பின்னர் இரு மணிக்கட்டுகளும் வீங்கின. மருந்தகத்தில் பெயரெழுதாத கடதாசிப் பைகளில் சிறிய வெள்ளைக் குளிசைகள் தந்தார்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும். குளிசை முடிந்த மூன்றாம் நாள் முன்னதைவிட மோசமாகத் திரும்பி வரும். அது பிரெட்னிசொலோன் என்ற, கோர்ட்டிசோன் வகையைச் சேர்ந்த ஸ்டெரொயிட் மருந்து என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 1948ஆம் ஆண்டு முதன்முதலாகக் கோர்ட்டிசோனை ஒரு முடக்குவாத நோயாளிக்கு ஏற்றியபோது, படுக்கையை விட்டு அசைய முடியாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் கெண்டலுக்கும் ரைக்ஸ்ரைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்திலேயே முகம் ஊதுவது, எலும்பு மெலிவது, சீனி ஏறுவது ஆகிய விளைவுகளும் வெளியே வரத் தொடங்கின. அந்த மருந்துக்கு இன்றும் உரிய இடம் உண்டு என்றாலும், இன்னதென்று சொல்லாமல், அளவைக் கவனிக்காமல், வேறு மருந்து எதுவும் சேர்க்காமல் இரண்டு வருடம் கொடுப்பது பெரிய பிழை. இதற்குள் இழந்த காலமும் சிறிதன்று. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், நோய் தொடங்கிப் பன்னிரண்டு கிழமைக்குள் வாதநோய் நிபுணரிடம் வந்தவர்களுக்கு மூட்டுச் சிதைவு குறைவாக இருந்ததென்று 2010இல் காட்டினார்கள். அம்மா வந்து சேர்ந்தது நூறு கிழமைகளுக்கும் பிறகு. அவருடைய இடது மணிக்கட்டு இனி முழுதாக மடங்காது.

கிளினிக்கின் மிகப் பெரிய சிறப்பு, அங்கே ஒவ்வொரு தடவையும் மூட்டுகளை எண்ணுகிறார்கள் என்பதுதான். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைவிரல்களின் அடிமொழிகள் பத்து, நடுமொழிகள் பத்து, முழங்கால் இரண்டு என மொத்தம் இருபத்தெட்டு. வைத்தியர் தம் பெருவிரலை மூட்டின் மேல் வைத்து, தமது நகத்தின் கீழ் இரத்தம் ஒதுங்கி வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துவார். அதற்குக் கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். நோகிற மூட்டுக்கு ஒரு புள்ளி, வீங்கிய மூட்டுக்கு இன்னொரு புள்ளி எனக் கிளினிக் கொப்பியிலுள்ள மனித உருவத்தின் மேல் தாதி குறித்துக்கொள்வார். அவற்றோடு, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற குருதிப் பரிசோதனையின் பெறுபேற்றையும், நோய் எப்படியிருக்கிறதென்று நோயாளி நூற்றுக்குத் தானே போடும் புள்ளியையும் சேர்த்து ஒரு மதிப்பெண் கணிக்கிறார்கள். அது 5.1ஐத் தாண்டினால் நோய் கடுமை, 3.2 அல்லது அதற்குக் கீழே என்றால் தணிவு, 2.6க்குக் கீழே என்றால் ஓய்ந்த நிலை. முதல் நாள் அம்மாவுக்கு நொந்த மூட்டுகள் 14, வீங்கியவை 9, மதிப்பெண் 6.8.

எண்ணுவது வெறும் பதிவு வேலை என்றுதான் முதலில் எண்ணினேன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 2004இல் வெளியான திக்கோரா ஆய்வைப் பற்றி வாசித்த பிறகு என் எண்ணம் மாறியது. ஏறத்தாழ 110 நோயாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மாதந்தோறும் அழைத்து மூட்டுகளை எண்ணி, இலக்குக்குக் கீழே வராவிட்டால் மருந்தைக் கூட்டினார்கள். மற்றப் பகுதியினரை வழமைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். பதினெட்டு மாத முடிவில் மாதந்தோறும் எண்ணப்பட்டவர்களில் 65 சதவீதமானோருக்கு நோய் ஓய்ந்திருந்தது. மற்றவர்களில் 16 சதவீதமானோருக்கே ஓய்ந்திருந்தது. விலை கூடிய ஊசி மருந்துகள் எதுவும் அதில் இல்லை. எங்கள் வைத்தியசாலை மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெதோட்ரெக்சேற், சல்பசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் போன்ற, நோயை அடக்கும் பழைய குளிசைகளே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தன. மூட்டில் ஏற்றும் ஸ்டெரொயிட் ஊசியும் தேவைக்கேற்பக் கொடுக்கப்பட்டது. எனவே அடிக்கடி பார்ப்பதும், எண்ணுவதும், எண்ணியதற்கேற்ப மருந்தை மாற்றுவதுமே வித்தியாசத்தை உண்டாக்கின. கொழும்பு போனால்தான் நல்ல வைத்தியம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னவள்தான். இந்த நோயைப் பொறுத்தவரை, பக்கத்தில் இருந்து மாதாமாதம் எண்ணுகிற ஒரு கிளினிக், வருடத்துக்கு இருமுறை போய்வரக்கூடிய பெரிய இடத்தைவிட மேலானது என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

எட்டாம் மாதத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அம்மா அன்று சந்தோஷமாக இருந்தார். "எனக்கு இப்ப சுகம் டொக்டர், இந்தக் குளிசையே காணும்" என்றார். வைத்தியர் எண்ணினார்: நொந்தவை 2, வீங்கியது 1, மதிப்பெண் 3.5. "அம்மா, 3.2க்குக் கீழ வரவேணும்" என்று சொல்லி, மெதோட்ரெக்சேற்றைக் கிழமைக்கு 15 மில்லிகிராமிலிருந்து 20க்குக் கூட்டினார். சுகமாயிருக்கும்போது ஏன் கூட்ட வேண்டும் என்று வீட்டில் வந்து அம்மா கோபித்துக்கொண்டார். ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் ஒரு மூட்டு உள்ளே வீங்கியிருந்தாலும் எலும்பு அரிபடும் என்பதால்தான் இலக்கு என்ற ஒன்றை வைக்கிறார்கள். போன மாதம் மதிப்பெண் 2.8.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிபுணர் சிங்களம் பேசுபவர், "நோகுதா?", "மடக்குங்கோ" போன்ற சொற்களைப் பழகி வைத்திருக்கிறார். மூட்டு இறுகிக் கிடப்பதையும் உணர்ச்சியற்று மரத்துப் போவதையும் நாங்கள் 'விறைப்பு' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். முடக்குவாதத்தில் காலையில் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்பது முக்கியமான கேள்வி; மரத்துப் போவதோ பெரும்பாலும் நரம்பின் குறி. முதல் மாதத்தில் அம்மா "நாள் முழுக்க விறைப்பு" என்று சொல்லி, அது மரத்துப் போவதாக விளங்கிக்கொள்ளப்பட்டதால் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்கவும் அனுப்பப்பட்டார். இதைக் கவனித்த தாதி அடுத்த மாதம் கேள்வியையே மாற்றிவிட்டார்: "அம்மா, விடிய எழும்பி எத்தினை மணிக்குப் பிறகு தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால பிடிக்க ஏலுது?" அம்மா யோசிக்காமல் "எட்டு மணிக்கு" என்றார். ஐந்து மணிக்கு எழும்புபவர். ஆக மூன்று மணித்தியாலம். அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று அறிய உலகெங்கும் பயன்படும் ஸ்ரான்போர்ட் வினாத்தாள் போத்தல் மூடி திறப்பதையும் குளிக்கும் தொட்டிக்குள் இறங்குவதையும் கேட்கிறது. எங்கள் வீடுகளில் தொட்டி ஏது? கிணற்றில் வாளியை இழுக்க முடிகிறதா, குந்தியிருந்து அடுப்பு ஊத முடிகிறதா என்று எங்கள் வாழ்க்கைக்கேற்பக் கேட்டுப் பதிகிற ஒரு தாள் இந்தக் கிளினிக்கில் இருந்தால், அந்தத் தாதியின் அறிவு அவரோடு இடமாற்றம் பெற்றுப் போகாமல் இங்கேயே நிற்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். மிகப் பாரதூரமானது மருந்து வழங்குமிடத்தில் நேர்ந்தது. மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒரேயொரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தவறி நாள்தோறும் எடுத்தவர்கள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அம்மாவின் பையில் 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதித் தருவார்கள். அது நல்ல வழக்கம். அம்மா 15 மில்லிகிராம் எடுத்த காலத்தில் ஒரு மாதம், 2.5 மில்லிகிராம் குளிசை கையிருப்பில் இல்லாததால் 10 மில்லிகிராம் குளிசை தந்தார்கள். பையில் ஒன்றரைக் குளிசை என்று எழுதியிருந்தார்கள்தான், ஆனால் வாயால் சொல்லவில்லை. அம்மா கண்ணாடி போடாதவர். எழுத்தைப் பார்க்கமாட்டார், எண்ணிக்கையே பார்ப்பார். வெள்ளி இரவு ஆறு குளிசைகளை உள்ளங்கையில் எடுத்து வைத்திருந்தார். அட்டையின் நிறம் வேறாக இருந்ததைக் கண்டு நான் தடுத்தேன். அந்த ஆறும் உள்ளே போயிருந்தால் 60 மில்லிகிராம். அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது பொறுப்பாளர் அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இப்போது குளிசையின் பலம் மாறினால் நோயாளியைக் கூப்பிட்டுக் கையில் காட்டிச் சொல்கிறார்கள். இதை எழுதுவது பழி சொல்வதற்காக அன்று; இதே மருந்தை எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அட்டையைப் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

அடுத்தது மலசலகூடம். முழங்கால் மடங்காதவர்கள் நாள் முழுவதும் காத்திருக்கும் கிளினிக்கில் குந்தியிருக்கும் கூடம் மட்டுமே இருக்கிறது. பிடித்தெழும்பச் சுவரில் ஒரு கம்பிகூட இல்லை. அம்மா கிளினிக் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மருந்து வாங்குமிடத்துக்கு ஏழு படிகள் ஏற வேண்டும். குருதிப் பரிசோதனைக்கான பொருள் தீர்ந்துபோகும் மாதங்களில் வெளியே காசு கொடுத்துச் செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள். மெதோட்ரெக்சேற் எடுப்பவருக்கு ஈரலையும் குருதிக் கலங்களையும் பார்க்காமல் விட முடியாது என்பதால் கடன்பட்டாவது செய்கிறோம். அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்கள் அந்த மாதம் வராமலே விடுவதைக் கண்டிருக்கிறேன்.

வாங்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் இது மற்ற மாவட்டங்களின் கிளினிக் போன்றதன்று என்பது தெரியும். எனக்கு அருகில் வழமையாக இருக்கும் அண்ணர் ஒருவரின் தொடையில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது; காந்தப் புலம் உலோகத்தை அசைக்கக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தயங்குகிறார்கள். அவருடைய இடுப்பு வலி மூட்டழற்சியா, பழைய காயமா என்பதை வைத்தியரின் கைதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. செயற்கைக் கால் போட்ட ஓர் அக்காவுக்கு நோவு மற்ற முழங்காலில். ஒரு காலை இழந்த அமெரிக்கப் போர்வீரர்களிடம் செய்த ஆய்வுகளிலும் எஞ்சிய காலின் முழங்கால்தான் அதிகம் நொந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் எங்கள் ஆட்கள் இல்லை. ஆனால் இந்தக் கிளினிக்கின் அலுமாரியில் மாதாமாதம் எண்ணிக் குறிக்கப்பட்ட கொப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நோயாளரின் சம்மதத்தோடு, பெயர்களை நீக்கி, பல்கலைக்கழக மருத்துவ பீடமொன்று அவற்றை எடுத்து ஆராய்ந்தால், வயலில் குனிந்து வேலை செய்த முதுகுகளையும் போரில் காயப்பட்ட கால்களையும் பற்றி வேறெங்கும் இல்லாத அறிவு கிடைக்கும்.

இயன்மருத்துவப் பிரிவு சிறியது, ஆனால் நேர்மையானது. மின்சாரச் சூடு, மெழுகு என்று ஆடம்பரம் எதுவும் இல்லை. கைக்கான பயிற்சிகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, அடுத்த முறை செய்துகாட்டச் சொல்கிறார்கள். பிரித்தானியாவில் 490 முடக்குவாத நோயாளர்களிடம் நடந்த சாரா ஆய்வில், கைக்கு நீட்டற் பயிற்சியும் வலுப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களின் கைத்திறன் ஒரு வருட முடிவில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அங்கே கைக்குள் வைத்துப் பிசைய ஒரு களி கொடுத்தார்கள். இங்கே இயன்மருத்துவர் ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஓர் உருண்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா பின்னேரம் விறாந்தையில் இருந்து அதைப் பிசைவார், பிறகு கோழிகளுக்குப் போட்டுவிடுவார்.

புதிதாகப் போகிறவர்கள் இதுவரை எடுத்த மருந்துகளின் வெறும் அட்டைகளையும் பெயரில்லாத பைகளையும்கூடக் கொண்டு போங்கள். அவற்றை மேசையில் கொட்டிப் பார்ப்பதற்கு அங்கே நேரம் ஒதுக்குகிறார்கள். கண்ணைப் பாதிக்கக்கூடிய ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் கண் கிளினிக்குக்கான துண்டை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் நெரிசலில் அதை மறந்துவிடுகிறார்கள். மலசலகூடத்துக்குக் கைபிடிக் கம்பி கேட்டு நாங்கள் பதினேழு பேர் கையொப்பமிட்ட கடிதத்தைப் போன மாதம் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். அடுத்த கிளினிக் நாளில் அதற்கான பதிலைக் கேட்பேன்.