நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்ற பழப்பாகு என்று சொல்லிப் பணம் பறிக்கும் வகுப்பு: ஓர் எச்சரிக்கை

வீட்டிலேயே பழப்பாகு தயாரிக்கக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு கட்டண இணைய வகுப்பில் சேர்ந்தேன். பணம் போனது மட்டுமல்ல, நீரிழிவு உள்ள என் அம்மாவின் உடல்நிலையும் கெட்டது. அந்த விளம்பரம் இப்போதும் சுற்றிக்கொண்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

விளம்பரம் இரண்டு வாக்குறுதிகளைத் தந்தது. இந்தப் பேரீச்சம்பழப் பாகு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது, நீரிழிவு உள்ளவர்கள் விரும்பிய அளவு சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. குளிர்பதனப் பெட்டி தேவையில்லை, ஓராண்டுக்குக் கெடாது என்பது மற்றொன்று.

நேரலை வகுப்பு என்றார்கள். பணம் கட்டியதும் வந்தது பதிவு செய்த ஒரு சிறிய காணொளி. அதில் பழம் எவ்வளவு, நீர் எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. பழத்தை ஊறவைத்து அரைத்து வடிகட்டி, நன்றாக ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூட்டோடு பாட்டிலில் அடைத்துவிட வேண்டுமாம். அவ்வளவுதான் பாடம்.

சொன்னபடியே செய்தேன். சில நாட்களில் பாட்டிலுக்குள் நுரை கட்டியது. திறந்தபோது மூடி சத்தத்தோடு தெறித்தது. புளித்த வாடை அடுக்களை முழுக்கப் பரவியது. கண்ணாடி பாட்டில் அது. வாயு இன்னும் சேர்ந்திருந்தால் பாட்டிலே வெடித்திருக்கும். வகுப்பில் சேர்ந்தவர்களுக்கான உரையாடல் குழுவில் படம் போட்டுக் கேட்டபோது, பாத்திரத்தை நான் சரியாகக் கழுவவில்லை என்று பதில் வந்தது. வேறு சிலரும் அதே புகாரைச் சொல்லத் தொடங்கியதும் எங்கள் எல்லோரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

குறை பாத்திரத்தில் இல்லை. ஒரு கிலோ பேரீச்சம்பழத்தில் சர்க்கரை ஏறத்தாழ 650 கிராம் இருக்கும். அதை மூன்று லிட்டர் நீரில் கரைத்தால் கிடைக்கும் சாற்றில் சர்க்கரை 20 சதவீதத்தைக்கூட எட்டாது. புளிக்கவைக்கும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல தீனி வேறில்லை. வெளியில் வைத்தும் கெடாமலிருக்க வேண்டுமானால் பாகில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்க வேண்டும். அப்போதுதான் கிருமிகள் வளரத் தேவையான நீர் அவற்றுக்குக் கிடைக்காமல் போகும். அதற்கு வடிகட்டிய சாற்றை அகன்ற பாத்திரத்தில், சிறு தீயில், அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக வற்றவைக்க வேண்டும். கரண்டியால் இழுத்த கோடு மெதுவாக மூடும் அளவுக்குத் தேன் போலத் திரள வேண்டும். பொறுமையைக் கேட்கிற வேலை இது. இப்படிக் காய்ச்சிய பிறகும், வீட்டில் சர்க்கரை அளவைத் துல்லியமாக அளக்க முடியாது என்பதால், கொஞ்சமாகச் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

எனக்குத் தாங்க முடியாத கோபம் வருவது முதல் வாக்குறுதியை நினைக்கும்போதுதான். புளிப்பதற்கு முன்பே அம்மா அந்தப் பாகைப் பாலிலும் கஞ்சியிலும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். சர்க்கரை இல்லை என்ற நம்பிக்கையில்தான். தலைசுற்றல், தீராத தாகம் என்று மருத்துவரிடம் அழைத்துப் போனபோது ரத்தச் சர்க்கரை வெகுவாக ஏறியிருந்தது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

பெரும்பாலான பேரீச்சை வகைகளில் உள்ள சர்க்கரையில் ஏறத்தாழ பாதி குளுக்கோஸ், மீதி ஃபிரக்டோஸ். முழுப் பழமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடவே வரும். பாகாக்கும்போது அது வடிகட்டும் துணியிலேயே தங்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் நாம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் அது இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது. கெட்டியான பாகு இரண்டு மேசைக்கரண்டி எடுத்தாலே அந்த 25 கிராம் முடிந்துவிடும். சர்க்கரை சேர்க்கவில்லை என்பதும் சர்க்கரையே இல்லை என்பதும் ஒன்றல்ல.

ஆக, அந்த இரண்டு வாக்குறுதிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வேறெதுவும் சேர்க்காத பழப்பாகு வெளியில் ஓராண்டு கெடாமல் இருக்கிறது என்றால் அதில் சர்க்கரை நிரம்பியிருக்கிறது. சர்க்கரை குறைவு என்றால் அது புளித்தே தீரும். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர், ஒன்று பாகு காய்ச்சியே பார்க்காதவர், அல்லது தெரிந்தே பொய் சொல்பவர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இதுவரை பதிலில்லை. கட்டணம் செலுத்திய செயலியில் புகார் பதிந்திருக்கிறேன். குழுவிலிருந்து நீக்கியதும் உரையாடல்கள் எனக்குத் தெரியாமல் போய்விட்டதால், கைவசம் இருந்த சில படங்களே ஆதாரம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் விளம்பரத்தையும் ரசீதையும் குழு உரையாடலையும் இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு குழுவில் கேள்வி கேளுங்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவர் யாராவது அந்தப் பாகைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தி, சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள்.