டொயோட்டா பிங்க் கூலன்ட்: விலைக்கு ஏற்ற பொருளா?

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்தான் கூலன்ட். டொயோட்டாவின் பிங்க் நிற 'சூப்பர் லோங் லைஃப்' கூலன்ட் மற்றவற்றைவிட விலை கூடத்தான். ஆனாலும் புது வாகனத்தில் 160,000 கிலோமீற்றர், அதன்பின் 80,000க்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால் கணக்குச் சரிவரும். போத்தலைத் திருப்பி வாசித்து வாங்குங்கோ. தண்ணீர் கலந்து வருவதை அப்படியே ஊற்றலாம். கலக்காதது என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் சரிபாதி. திருகோணமலைக் கரையோரம் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம்! அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு படிந்து ரேடியேட்டரை அடைக்கும்.

பழைய பச்சைக் கூலன்ட் மேல் இதை ஊற்றினால் நீண்ட ஆயுள் போய்விடும். எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரின் கீழ்த்திருகைத் திறந்து வடித்து, கழுவிவிட்டு நிரப்புங்கோ. மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்துவிட வேண்டும். உள்ளே காற்று நின்றால் புதுக் கூலன்ட்டோடும் எஞ்சின் சூடேறும்.

இதில் இன்னொரு வசதி, கசிவு இலகுவில் பிடிபடும். வோட்டர் பம்ப், ஹோஸ் கிளிப் ஓரத்தில் ரோஸ் நிறப் பொருக்கு தெரிந்தால் அங்கேதான் ஓட்டை. கூலன்ட் டாங்கியை நிரப்பி நிரப்பி ஓடுவது வைத்தியமில்லை.

கூலன்ட் மாற்றும் கையோடு பிரேக் ஒயிலையும் பாருங்கோ. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.